பாட்டுக்குக் கீழே யார் பேர்?

போன வருஷம் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு நோட்டீஸ் அடிக்க, ஆழ்வார்குறிச்சியில் ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தோம். மேலே போட நாலு வரிப் பாட்டு வேண்டும் என்றோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி ஏஐ-யிடம் கேட்டான். பத்து நொடியில் சிந்து மெட்டில் வந்து விழுந்தது. சந்தம் ஓரிடத்தில் தட்டியது, மற்றபடி பாடலாம். "கீழ யாரு பேரு போட அண்ணாச்சி?" என்று அவன் கேட்டதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தத்தின்படி, கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர். காரணமானவர் யார்? தட்டச்சு செய்த தம்பியா, கேட்கச் சொன்ன கொடைக் கமிட்டியா, மென்பொருள் கம்பெனியா? 2020-ல் 'சூர்யாஸ்த்' என்ற ஓவியத்துக்கு ராகவ் என்ற ஏஐ-யையும் இணை ஆசிரியராக ஏற்றுப் பதிவு கொடுத்த நம் பதிப்புரிமை அலுவலகம், மறு வருஷமே அதைத் திரும்பப் பெற நோட்டீஸ் அனுப்பியது.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கதை உண்டு. ஆழ்வார்குறிச்சியிலிருந்து தென்காசி ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் கீழக்கடையம் வந்துவிடும். கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். கடலூர்ச் சிறையிலிருந்து 1918 டிசம்பரில் வெளிவந்த பாரதி, 1920 வரை இங்கேதான் இருந்தார். தம் கையெழுத்துப் பிரதிகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும், கடன் தாருங்கள் என்று 1920-ல் பலருக்கும் எழுதினார். பணம் வரவில்லை. மறு வருஷம், 38 வயதில், போய்விட்டார். செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' தொடங்கி அந்தப் பாட்டுகளை அச்சேற்றினார். காலப்போக்கில் உரிமை கைமாறியது. இசைத்தட்டு உரிமை ஒரு வியாபாரி வழியாகப் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கு என்றதும் தமிழ்நாடே கொதித்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றுக்கொண்டு, குடும்பத்துக்கும் பணம் தந்தது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின.

அந்தப் பொதுச் சொத்தைப் படித்துத்தான் இயந்திரம் இன்று சிந்து பாடுகிறது. படித்ததில் எனக்குக் குறையில்லை. பாரதியே காவடிச் சிந்து மெட்டை எடுத்துப் பாடியவர்தான். ஆனால் எல்லாருக்குமானதில் விளைந்ததற்கு ஒருவர் வேலி போடக் கூடாது. நம் சட்டம் ஆசிரியர் இறந்தபின் 60 வருஷம் உரிமை தருகிறது. அது செல்லம்மாளைப் போன்றவர்களின் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காக. இயந்திரத்துக்கு ஏது சாவு, ஏது குடும்பம்? கேட்டதும் வந்த பாட்டு முதல் நாளிலிருந்தே பொதுவாக இருக்கட்டும். வந்ததை ஒருவர் உட்கார்ந்து அடித்துத் திருத்திச் செப்பம் செய்தால், அந்த உழைப்பு அவருடையது.

உயிரோடு இருப்பவர்களின் எழுத்தைக் கேட்காமல் எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்பது வேறு விஷயம். அது தவறு. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது இதற்காகத்தான். அதே வருஷம் 'லால் சலாம்' படத்துக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ வழியாக மீட்ட ஏ.ஆர். ரஹ்மான், இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்தார். வழி இருக்கத்தான் செய்கிறது.

நோட்டீஸில் அந்த நாலு வரிக்குக் கீழே எந்தப் பேரும் போடவில்லை. கொடையில் பாட இருந்த வில்லுப்பாட்டுக்காரர் பேரை மட்டும், அவர் ஊரோடு சேர்த்து, கொட்டை எழுத்தில் போடச் சொன்னோம்.