இடக்கைக்கு ஏற்ற மடக்குக் கத்தி

கத்தியைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதலாமா என்று வாசகர் சிலர் புருவம் நெறிக்கக்கூடும். மாம்பழத்தை நறுக்குவதும், மூட்டையின் கயிற்றை அறுப்பதும், பிள்ளையின் பென்சிலைச் சீவுவதும் குடும்பத்து வேலைகள்தாமே! அவ்வேலைகளை இடக்கையால் செய்வோர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. ஞாயிறு பூசைக்கு ஐந்நூறு பேர் கூடும் பங்கில் ஐம்பது பேருக்காவது இக்கட்டுரை பயன்படும்.

நம்மிடம் இதைக் கேட்டவர் ஒரு தாய். இடக்கைப் பழக்கமுள்ள அவருடைய மகனுக்குப் பதினான்கு வயது. வெளிநாட்டிலிருந்து வந்த தாய்மாமன் அன்புடன் கொடுத்த மடக்குக் கத்தியை மடக்கும்போது, ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போடும் அளவுக்கு வெட்டிக்கொண்டான். "வலக்கையால் பிடிடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் சாமி, கேட்டானா?" என்று அவர் வருந்தினார். அக்கத்தியை வாங்கிப் பார்த்தோம். பிள்ளைமீது குற்றமில்லை, கத்தியும் மட்டமானதன்று. அது வலக்கைக்கென்றே செய்யப்பட்ட கத்தி. கொடுத்தவரும் பெற்றவரும் அதை அறிந்திருக்கவில்லை.

கருவிகள் கையைப் பார்த்துச் செய்யப்படுகின்றன என்பதைத் தையற்காரர்கள் நன்கறிவர். சாதாரணக் கத்தரிக்கோலை வலக்கையில் பிடித்தால், விரல்களின் இயல்பான அழுத்தம் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதையே இடக்கையில் பிடித்தால் அவ்வழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும். துணி வெட்டுப்படாமல் இடையில் மடிந்துகொள்ளும். பிடித்தவருக்குத் தொழில் வரவில்லை என்று பார்ப்பவர் எண்ணுவர். மடக்குக் கத்தியிலும் இதே கதைதான். ஆனால் இங்கே மடிவது துணியன்று.

முதலில் விரிக்கும் முறையைப் பார்ப்போம். பழைய பேனாக்கத்தியின் அலகில் நகத்தை மாட்டி இழுப்பதற்கு ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பர். இடக்கையில் பிடியை வைத்து, வலக்கைக் கட்டைவிரல் நகத்தால் இழுக்கும்படி அப்பள்ளம் அலகின் ஒரு முகத்தில் மட்டுமே இருக்கும். இடக்கைக்காரர் கத்தியை மாற்றிப் பிடித்தால் பள்ளம் மறுபுறம் போய் மறைந்துகொள்ளும். பிரான்சு நாட்டின் சவோய்ப் பகுதியில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் கத்தியின் எட்டாம் எண், பள்ளத்தை மறுமுகத்தில் வெட்டி இடக்கைக்கென்றே தனியாக விற்கப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனமும் தன் சிவப்புக் கத்திகளில் சிலவற்றை அவ்வாறு செய்கிறது. கடையில் கேட்டால்தான் எடுத்துத் தருவர். கேட்காதவருக்கு வலக்கைக் கத்தியே கிடைக்கும்.

எனினும், விரிக்கும் இடர்ப்பாடு எரிச்சலைத் தருமேயன்றிக் காயத்தைத் தராது. காயம் பெரும்பாலும் மடக்கும்போதுதான் நேர்கிறது. ஆகவே வாங்குவோர் முதலில் ஆராய வேண்டியது பூட்டையே.

விரித்த அலகு வேலையின் நடுவே தானாக மடங்காதிருக்கப் பூட்டு வைக்கின்றனர். இன்று மிகுதியாக விற்கப்படும் ஒரு வகையில், பிடியின் உட்புறத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. அலகு விரிந்ததும் அத்தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். இப்போதைய வடிவில் இதனை 1980களின் தொடக்கத்தில் பரவச் செய்தவர் மைக்கேல் வாக்கர் என்னும் அமெரிக்கக் கத்திக் கலைஞர். வலக்கையில் பிடித்தால் கட்டைவிரல் தகட்டின்மேல் தானே வந்து அமரும். ஒரு தள்ளலில் பூட்டு விடுபடும். இடக்கையில் பிடித்தாலோ கட்டைவிரல் எதிர்ப்பக்கம் நிற்கும். தள்ள வேண்டியதைத் தன்பால் இழுக்க வேண்டும். அது இயலாதபோது ஆள்காட்டி விரலை உள்ளே நுழைப்பர். பூட்டு விட்டதும் அலகு அவ்விரலின்மீதே இறங்கும். மேலே சொன்ன பிள்ளைக்கு நேர்ந்தது இதுவே. "கவனமாயிரு" என்ற அறிவுரையால் இது தீராது; கவனமாயிருப்பவரும் விரலை அங்கேதான் வைத்தாக வேண்டும்.

கை வேறுபாடு பாராத பூட்டுகளும் உள்ளன. பிடியின் முதுகில், நடுக்கோட்டில் அமைந்த பூட்டை எந்தக் கையாலும் ஒரேவகையில் அழுத்தலாம். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110 என்னும் கத்தி இவ்வகையில் பெயர்பெற்றது. ஆனால் அதிலும் நகப்பள்ளம் ஒரு முகத்தில்தான்! பூட்டு நடுநிலை என்பதால் கத்தி முழுவதும் நடுநிலை என்று எண்ணிவிடக் கூடாது. பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த பூட்டில், பிடியை ஊடுருவிச் செல்லும் சிறு குறுக்குக் கம்பியின் முனைகள் இருபுறமும் தெரியும். எக்கையாலும் பின்னுக்கு இழுக்கலாம். ஒப்பினெலில் 1955 முதல் உள்ள சுழலும் வளையமும் எளியது. கழுத்திலுள்ள அவ்வளையத்தைத் திருப்ப விரல் அலகின் பாதையில் போக வேண்டியதில்லை. கிறிஸ் ரீவ் என்பார் பெயரால் வழங்கும் அமெரிக்க நிறுவனம் தன் செபென்சா கத்தியை முழுமையாக இடக்கைக்கெனத் திருப்பியே செய்கிறது. அதன் விலையைச் சொன்னால் நம் பங்கு மக்கள் கட்டுரையை இத்துடன் மூடிவிடுவர்.

அடுத்து, கத்தியை வைக்கும் இடம். இன்றைய மடக்குக் கத்திகளில் காற்சட்டைப் பையின் விளிம்பில் செருக ஒரு கொக்கி உண்டு. (வேட்டி மடியில் செருகுவோரும், நம்மைப்போல் அங்கிப் பையில் போட்டுக்கொள்வோரும் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.) ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் இக்கொக்கியையும், கட்டைவிரலால் அலகை விரிக்க உதவும் வட்டத் துளையையும் ஒரே கத்தியில் கொண்டுவந்தது. துளை அலகை ஊடுருவிச் செல்வதால் இரு கைகளுக்கும் பொது. கொக்கியோ பல கத்திகளில் வலப்பைக்கு ஏற்றவாறு ஒரு பக்கமே இருக்கும். அதை அப்படியே இடப்பையில் செருகினால், அலகின் முதுகு பையின் பின்தையலை ஒட்டி நில்லாமல் திரும்பிவிடும். நுனி மேல்நோக்கியிருக்கும் கத்தியானால், சற்றே விரிந்த அலகு பைக்குள் நுழையும் கையைப் பதம்பார்க்கும். கொக்கியைக் கழற்றி மறுபக்கம் பொருத்தத் திருகுத் துளைகள் உள்ளனவா என்று பார்த்து வாங்குக.

வலக்கைப் பழக்கமுள்ளோரும் சில தொழில்களில் இடப்பக்கம் கத்தி வைப்பதுண்டு. படகில் வலக்கை கயிற்றைப் பற்றியிருக்க, சிக்கிய வலையை இடக்கை அறுக்க வேண்டிய வேளை வரும். ஆயுதத்தை எதிர்ப்பக்கம் வைக்கும் வழக்கம் பழையதே. நீதித் தலைவர்கள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஏகூது என்னும் இடக்கைக்காரர், முழ நீளமுள்ள இருபுறமும் கூரான வாளை வலத்தொடையில் கட்டி, உடைக்குள் மறைத்துக்கொண்டு எக்லோன் மன்னனிடம் செல்கிறார். வலக்கைக்காரர் வாள் தொங்குவது இடப்பக்கம். ஆகவே எவரும் ஐயுறவில்லை போலும். அவர் செய்த கொலையை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால் இருபுறமும் கூரான வாளுக்கு இடம், வலம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல் வைத்த மடக்குக் கத்திகளோ பெரும்பாலும் ஒரு முகத்தில் மட்டுமே தீட்டப்பட்டவை. இடக்கையில் அவை நேர்க்கோட்டை விட்டு ஒருபுறமாக ஓடும். இடக்கைக்காரருக்குப் பல்லில்லாத, இரு முகமும் ஒப்பத் தீட்டிய அலகே நலம்.

இன்னொரு கூட்டத்தாரையும் மறத்தலாகாது. பக்கவாதத்தால் வலக்கை சோர்ந்துபோன முதியோர், வாழ்நாள் முழுதும் வலக்கையராய் இருந்து இப்போது இடக்கையை மட்டும் நம்பியிருப்பவர். தமக்கு ஒரு கொய்யாவை நறுக்கிக்கொள்ளவும் மருமகளை அழைக்க வேண்டியிருக்கிறதே என்பது அவர்களுடைய சொல்லாத துயரம். ஒரே கையால் விரித்து, அதே கையால் மடக்கக்கூடிய, இலேசான, முனை மழுங்கிய கத்தி அவர்களுக்குத் தேவை. ஒப்பினெல் அவர்களுக்கு ஒவ்வாது. அதை விரிக்க இரு கைகள் வேண்டும். கட்டைவிரல் துளையும் முதுகுப் பூட்டும் உள்ளதும் அரை மனத்துடனேயே சொல்லத்தக்கது. ஒற்றைக் கையால் மடக்கப் பழகவேண்டும். குறுக்குக் கம்பிப் பூட்டே அவர்களுக்கு எளிது. கைநடுக்கம் உள்ளவருக்கு மடக்குக் கத்தியே வேண்டாம். உறையிட்ட சிறு கத்தி போதும்.

நம் நாட்டு ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீண்டோ 2 அங்குலத்திற்கு மேல் அகன்றோ உள்ள கத்திகளைத் தனியே எண்ணி, வீட்டிற்கும் உழவிற்கும் ஆனவற்றை விலக்குகின்றன. நாம் பேசும் கத்திகளின் அலகு 3 அங்குலத்தைச் சுற்றியே இருக்கும். ஆயினும் பள்ளிப் பையிலும், விமானப் பயணத்தில் கைப்பையிலும் அவற்றுக்கு இடமில்லை.

கடையில் கத்தியை வாங்குபவரை விட, பயன்படுத்தப்போகிறவரின் கையே அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கை வேலை செய்யுமோ அந்தக் கையால் மும்முறை விரித்து மும்முறை மடக்கட்டும். மடக்கும்போது எந்த விரலேனும் அலகின் பாதையில் நிற்குமானால் அக்கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுக. வாங்கி வந்த பின் முதல் வாரம் வெட்டுவாயின்மீது ஒட்டுநாடாவை இருமடியாய் ஒட்டிவிட்டுப் பழகட்டும். நாடாவில் கீறல் விழுந்த இடத்தைப் பார்த்தால், விரல் எங்கே போய் நிற்கிறது என்பது பெற்றோருக்கும் தெரிந்துவிடும்.