வலம்புரியின் விலை

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில், மேகத்தின் முழக்கத்திற்கு ஆண்டாள் நாச்சியார் உவமையாகக் கொண்டது வலம்புரியின் ஒலியை. நாச்சியார் திருமொழியிலோ, பெருமானின் திருவாய்ச் சுவையையும் மணத்தையும் சங்கிடமே வினவித் தனிப்பதிகம் பாடினாள். இத்தகைய பெருமையுடைய பொருளைப் பூஜையறையில் எழுந்தருளச் செய்ய விழைவது இயல்பே. அந்த விழைவைத்தான் வணிகர் சிலர் முதலாக்கிக் கொள்கின்றனர்.

ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் தம் பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொடுத்து வலம்புரி வாங்கியிருக்கிறார். செல்வம் பெருகும், மகளின் திருமணத் தடை நீங்கும் என்று விற்றவர் உறுதி கூறினாராம். நான்கு ஆண்டுகள் வெள்ளிதோறும் பாலாபிஷேகம் நடந்தது. பின்னர், சங்கறிந்த உறவினர் ஒருவர் எடுத்துப் பார்த்து, இது நம் கடற்சங்கே அன்று என்றாராம். பணம் போனதைவிட, “இத்தனை நாள் பூஜை யாரைச் சேர்ந்தது?” என்று மனைவி கேட்டதே தம்மை உறங்கவிடவில்லை என எழுதியிருக்கிறார்.

மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் நம் சங்கு பெரும்பாலும் இடம்புரியே. அவ்வினத்தில் வலம்புரி மிக மிக அரிது. ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைகளிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ‘லைட்னிங் வெல்க்’ என்றோர் இனம் உண்டு. அதில் ஏறக்குறைய எல்லாமே வலம்புரி! இங்கே அரியது அங்கே சாதாரணம். அதுவே நம் ஊர்களில் பெருவிலைக்கு வந்து சேர்கிறது.

பிரித்தறிவது எளிது. குறுகிய வால்முனை மேலாகவும் சுருள் கீழாகவும் வாய் நம்மை நோக்கவும் பிடித்தால், வாய் வலப்புறம் திறந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையில் அயல்நாட்டுச் சங்கும் தேறிவிடும். ஆகவே, வாயின் உட்புறத்தைப் பாருங்கள். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரிவரியாக ஓடும்; விரலால் தடவினாலே தெரியும். மற்றதில் அவ்விடம் வழுவழுப்பாக இருக்கும். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டா. உள்ளீடற்ற எந்தச் சங்கும், ஏன், வெறும் குவளையும்கூடச் சுற்றுப்புற ஒலியை வாங்கி அப்படித்தான் இரையும்.

இனி அந்த அம்மையாரின் கேள்வி. காஞ்சியில் அம்பிகை பூஜித்தது மணலால் பிடித்த லிங்கத்தை. நாம் மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையார் என்கிறோம். அவரும் வந்து அமர்கிறார். நான்கு ஆண்டுகள் அவர் அழைத்தது திருமகளை, வந்தவளும் அவளே. போலியானது விற்றவரின் சொல் மட்டுமே. ரசீது இருப்பின் நுகர்வோர் ஆணையத்தை நாடத் தயங்க வேண்டா. அதில் பக்திக்குக் குறைவு ஏதுமில்லை.

திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றுவதாக ஐதிகம். அதற்கு விலை கூறியவர் எவருமிலர். கார்த்திகைச் சோமவாரங்களில் சிவாலயங்களில் நிகழும் 1008 சங்காபிஷேகத்தைச் சென்று சேவியுங்கள். நடுவில் வலம்புரி ஒன்று இருக்கலாம். சுற்றி அடுக்கியவை இடம்புரிகளே. இல்லத்து அபிஷேகத்திற்கும் அத்தகைய சங்கு ஒன்று போதும்; அது இராமேசுவரத்துக் கடைகளில் எளிய விலைக்கே கிடைக்கிறது.