திருப்பி வாங்கிய விருது

ஒரு விருதோட மதிப்பை எதை வச்சு அளக்கிறது? பரிசுப் பணமா? மேடையில் யார் கையால் வாங்கினாங்க என்பதா? என்னைக் கேட்டா, தப்பான புத்தகத்துக்குக் கொடுத்துட்டோம்னு தெரிஞ்ச பிறகு அந்த அமைப்பு என்ன செஞ்சது என்பதை வச்சுத்தான் அளக்கணும். இப்படி ஒரு சோதனை வரலாற்று நூல்களுக்கான ஒரு பெரிய விருதுக்கு உண்மையிலேயே வந்தது.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1948-லிருந்து பான்கிராஃப்ட் விருதைக் கொடுத்து வருகிறது. ஃபிரெடரிக் பான்கிராஃப்ட் என்ற வரலாற்றாசிரியர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து உருவான விருது இது. அமெரிக்க வரலாறு பற்றிய சிறந்த நூல்களுக்கு, பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு என்று தருவார்கள். 2001-ல் விருது வாங்கிய நூல்களில் ஒன்று 'ஆர்மிங் அமெரிக்கா'. எழுதியவர் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் பெல்லீல்.

புத்தகம் சொன்ன விஷயம் ஒரு குண்டு. அமெரிக்கர்கள் ஆதிகாலத்திலிருந்தே வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்பது கட்டுக்கதை. 1861-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் காலம் வரை துப்பாக்கி அபூர்வமான பொருள்தான். இருந்ததிலும் பாதி உடைஞ்சு கிடந்தது. ஆதாரம்? இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள். அந்தக் காலத்தில் ஒருவர் இறந்தால் வீட்டில் இருந்த பானை, கட்டில், மாடு வரை கணக்கெடுத்து நீதிமன்றத்தில் பதிவு செய்வார்கள். அப்படி 11,000-க்கும் மேற்பட்ட பட்டியல்களைப் பார்த்ததாகவும், 1765 முதல் 1790 வரையிலான பட்டியல்களில் சுமார் 15 சதவீதத்தில்தான் துப்பாக்கி இருந்ததாகவும் பெல்லீல் சொன்னார்.

கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தது 1999-ல். புத்தகம் வந்தது 2000-ல். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேணும்னு நினைச்ச எல்லாருக்கும் இது கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைச்ச ஆயுதம். பெரிய பத்திரிகைகள் புகழ்ந்தன. விருதும் வந்தது.

முதலில் சந்தேகப்பட்டது யார் தெரியுமா? கிளேட்டன் கிரேமர் என்ற சாஃப்ட்வேர் இன்ஜினியர். வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கியவர், ஆனால் பேராசிரியர் இல்லை. அவர் செஞ்சதெல்லாம் ரொம்ப சாதாரணமான வேலை. ஃபுட்நோட்டில் சொன்ன மூலத்தை எடுத்து, புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நாம டீபக் பண்ற மாதிரி, வரி வரியா. 1792-ன் மிலிஷியா சட்டம் ஒவ்வொரு ஆளும் தன் துப்பாக்கியைத் தானே கொண்டு வரணும்னு சொல்லுது. புத்தகத்தில் காட்டிய வாசகமோ அரசு கொடுக்கும் என்ற அர்த்தத்தில் இருந்தது. இரண்டும் எதிரெதிர்.

பலர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஏன்னா அவர் துப்பாக்கி உரிமை ஆதரவாளர். "அவங்க ஆளு அப்படித்தான் சொல்வான்" என்று ஒதுக்குவது சுலபம்.

அப்புறம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லிண்ட்கிரென் எண்களைக் கையில் எடுத்தார். பிராவிடன்ஸ் நகரத்தில் எண்ணியதாகச் சொன்ன உயில்களில் ஏறத்தாழ நூறு உயில்கள் உலகத்திலேயே இல்லை. அவர்கள் உயில் எழுதாமல் இறந்தவர்கள். அதே காலத்துப் பட்டியல்களை அவர் குழு எண்ணினால் துப்பாக்கி இருந்தவை பாதிக்கும் மேல் வந்தது. சான் பிரான்சிஸ்கோ பதிவுகளைப் பார்த்ததாக பெல்லீல் சொல்லியிருந்தார். அந்தப் பதிவுகள் 1906 நிலநடுக்கத் தீயில் எரிஞ்சு போனவை என்று தெரிந்தது. சரி, மூலக் குறிப்புகளைக் காட்டுங்கன்னு கேட்டா, மஞ்சள் நோட்டுத் தாள்களில் பென்சிலால் கோடு கோடா எண்ணி வச்சிருந்தேன், அலுவலகக் கட்டடத்தில் குழாய் உடைஞ்சு தண்ணீரில் நாசமாயிடுச்சு என்றார்.

குழாய் உடைஞ்சது நிஜம்தான். ஆனால் கேள்வி அது இல்லை. ஒரு புத்தகத்தின் மையமே ஒரு எண்ணிக்கை என்றால், அதை இன்னொருத்தர் திரும்ப எண்ணிப் பார்க்க வழி இருக்கணும். அந்த அட்டவணையில் எந்த ஊரில் எத்தனை பட்டியல் பார்த்தார் என்ற எண்ணிக்கையே இல்லை. சாம்பிள் சைஸ் இல்லாத டேபிள்! நம்ம மினி புராஜெக்ட் ரிவ்யூவிலேயே இதுக்கு மார்க் போயிடும்.

எமரி பல்கலைக்கழகம் வெளியிலிருந்து மூன்று பெரிய அறிஞர்களை வைத்து விசாரித்தது. ஆய்வு நேர்மையிலேயே கடுமையான குறை இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். 2002 அக்டோபரில் பெல்லீல் ராஜினாமா செய்தார். பிழைகள் உண்டு, வேண்டுமென்றே புனையவில்லை என்பது அவர் நிலைப்பாடு. 2002 டிசம்பரில் கொலம்பியா விருதை ரத்து செய்து, பரிசுப் பணம் 4,000 டாலரையும் திருப்பிக் கேட்டது. அந்த விருதின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

இதை விருதுக்கு வந்த அவமானம்னு பலர் பார்க்கிறாங்க. நான் அப்படிப் பார்க்கலை. கொடுத்தது தவறு. திருப்பி வாங்கியதுதான் அந்த விருதின் கௌரவம். சத்தமில்லாம விட்டிருந்தா, அதே பட்டியலில் இருக்கும் மற்ற எல்லாப் புத்தகங்கள் மேலயும் சந்தேகம் ஒட்டியிருக்கும்.

"வரலாறு என்ன லேப் எக்ஸ்பரிமெண்டா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி விளக்குவாங்க" என்று கேட்கலாம். விளக்கம் மாறலாம், ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கி ஏன் பரவியது என்பதில் பத்து பேருக்குப் பத்து கருத்து இருக்கலாம். ஆனால் ஒரு உயில் இருந்ததா இல்லையா என்பது விளக்கம் இல்லை. அது ரீடிங். ரீடிங்கில் கை வச்சா, அதுக்கு மேல கட்டின கிராஃப் எவ்வளவு அழகா இருந்தாலும் குப்பைதான். முதலில் கர்வ் வரைஞ்சுட்டு அப்புறம் ரீடிங் எழுதுறது எந்த லேப்புக்கும் புதுசு இல்லை, அதனால இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நடுவர்கள் எல்லா ஃபுட்நோட்டையும் சரிபார்க்க முடியுமா?" முடியாது. வந்து குவியும் நூல்களுக்கு அது நடக்காத காரியம். ஆனால் இறுதிச் சுற்றுக்கு வரும் நூல்களில் மட்டும், வாதமே எந்த ஆதாரத்தில் நிற்குதோ அதை மட்டும், அதுவும் அந்த முடிவை ஏத்துக்காத ஒருத்தரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாமே. பொருளாதார ஆய்விதழ்கள் பலவும் இன்று கட்டுரையோடு டேட்டாவையும் கோடையும் கேட்கின்றன. எண்களை நம்பி நிற்கும் வரலாற்று நூலிடமும் விருதுக் குழு அதைக் கேட்கலாம்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது பெல்லீல் இல்லை, அவரை நம்பினவங்கதான். படிச்சவங்க, நல்ல எண்ணம் உள்ளவங்க. முடிவு பிடிச்சிருந்தது, அதனால ஆதாரத்தைத் தட்டிப் பார்க்கலை. துப்பாக்கி குறையணும்னு நானும்தான் நினைக்கிறேன். ஆனா அந்த நல்ல நோக்கத்துக்கு இந்தப் புத்தகத்தால எவ்வளவு கெடுதல்! எதிர்த்தரப்பு இனி எந்த ஆய்வைக் காட்டினாலும் இதைச் சொல்லியே சிரிக்கலாம்.

2024-க்கான சாகித்ய அகாடமியின் தமிழ் விருது ஒரு வரலாற்று நூலுக்குக் கிடைத்தது: ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. நாவல், கவிதையோடு போட்டி போட்டு ஒரு ஆய்வு நூல் ஜெயிப்பது சந்தோஷமான விஷயம். அந்தச் சந்தோஷத்தை வாழ்த்து ஸ்டேட்டஸோட நிறுத்தாம, இந்த மாதிரி நூல்களைக் கையில் எடுக்கும்போது பின்குறிப்புப் பக்கங்களையும் புரட்டலாம். ஆவணம் தேடி அலைஞ்ச வரலாற்றாசிரியருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

வாட்ஸ்அப்பில் வரலாறுன்னு வர்றதுக்கும் இதேதான். நமக்குப் பிடிக்காத ஃபார்வர்டை எல்லாரும் சரிபார்ப்போம். நம்ம ஊர்ப் பெருமையை ஏத்திச் சொல்ற ஃபார்வர்ட் வரும்போது "சோர்ஸ் என்ன?"ன்னு கேட்கிறதுதான் கஷ்டம். அங்கேதான் கேட்கணும்.