எல்லைக் கிராம வறட்சி: விண்ணிலிருந்து தெரியாத புல்

புது தில்லி: வறட்சியை மழைமானி கொண்டு மட்டும் அளந்த காலம் முடிந்துவிட்டது. நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் வழியே கண்காணித்து, அந்தக் கணக்கையும் சேர்த்தே அரசுகள் முடிவெடுக்கின்றன. ஆனால், கேரளத்தின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் கால்நடை வளர்ப்போரின் நிலையை இந்தக் கணக்கு சரிவரக் காட்டுமா என்ற கேள்வி எழுகிறது.

கணக்கிடும் முறை: உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அண்மை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் வேறுபாடே பசுமையின் அளவுகோல். முந்தைய ஆண்டுகளில் அதே பருவத்தில் பதிவான கூடிய, குறைந்த பசுமையோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என மதிப்பிடுவர். 60-க்கு மேல் இருந்தால் நல்ல நிலை; 40-க்குக் கீழ் சென்றால் மோசம். தில்லியில் 2012-ல் தொடங்கப்பட்ட மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இப்பணியைச் செய்கிறது.

மத்திய அரசின் 2016-ம் ஆண்டு வறட்சிக் கையேட்டின்படி, மழைக் குறைவோடு, பயிர்ப் பரப்பு, மண் ஈரம், நீர்நிலை இருப்பு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை ஆகிய நான்கில் மூன்றையேனும் ஆராய வேண்டும். "கடும் வறட்சி" என உறுதியானால்தான் தேசியப் பேரிடர் மீட்பு நிதியை எதிர்பார்க்க முடியும். 2023-ல் 236 வட்டங்களில் 223-ஐ வறட்சி பாதித்தவையாக அறிவித்த கர்நாடகம்கூட, அந்த நிதிக்காக 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

மரத்தடிப் புல்: காங்கயம் வட்டாரத்தின் கொரங்காடு போன்ற திறந்த மேய்ச்சல் நிலங்களில் இம்முறை நன்கு பொருந்தும். மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல் துளிர்க்கும், பொய்த்தால் கருகும். இரண்டும் படத்தில் தெரியும். நெய்யாற்றின்கரை வட்டத்தின் நிலை வேறு. இங்கு மேய்ச்சல் நிலமென்று தனியாக அதிகமில்லை. தென்னை, ரப்பர் தோட்டங்களின் ஓரத்திலும் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் அறுக்கும் புல்லே மாட்டுக்குத் தீவனம். மழை குறைந்தால் புல் சில வாரங்களில் காயும். ஆழ வேரோடிய மரம் பசுமையாகவே நிற்கும். செயற்கைக்கோள் காண்பது மரத்தின் தலையை. மாட்டுக்கு வேண்டியதோ அதன் அடியில் உள்ளது.

250 மீட்டர் நுண்மையுள்ள படத்தில் ஒரு புள்ளி 15 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. நிலத்தைச் செண்டுக் கணக்கில் பேசும் ஊருக்கு இது மிகப் பெரிய அளவு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் இப்பகுதியில் மேகமும் அடிக்கடி படத்தை மறைக்கிறது.

ஒரே மழை, இரு அறிவிப்பு: 2016-ல் பருவமழை பொய்த்தபோது, கேரளம் அக்டோபர் இறுதியிலேயே 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. தமிழகத்தின் அறிவிப்பு 2017 ஜனவரி 10-ல்தான் வந்தது. எல்லைக்கு இப்பால் பாறசாலையிலும் அப்பால் விளவங்கோட்டிலும் வானம் ஒன்றே, அரசாணை இரண்டு.

1956-ல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோடு பகுதிக்கு வந்த நீர் 2004-ல் நிறுத்தப்பட்டது. 2012-ல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. ஆகவே எல்லையின் இரு பக்கமும் பசுமை வேறுபட்டால், அதை மழையின் விளைவென்று மட்டும் கொள்ள முடியாது. கால்வாய் மதகும் அதில் பங்கு பெறும்.

செய்ய வேண்டியது: கருவிகளுக்குக் குறைவில்லை. பத்து மீட்டர் நுண்மையுள்ள ஐரோப்பிய சென்டினல்-2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க நிசார் செயற்கைக்கோளின் ரேடார், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் திறனுடையது.

குறை இருப்பது நிர்வாகத்தில். கள ஆய்வுக்குக் கையேடு பத்தில் ஒரு பங்கு கிராமங்களையே கேட்கிறது. மரப்பயிர் மிகுந்த வட்டங்களில் தீவனத் தட்டுப்பாட்டைத் தனி அளவுகோலாகச் சேர்ப்பதும், எல்லை வட்டங்களில் இரு மாநில அதிகாரிகளும் கூட்டாகக் கள ஆய்வு செய்வதும் மத்திய வேளாண் அமைச்சகத்தால் இயலாதவை அல்ல. அதுவரை, படத்தில் பச்சையாகத் தெரிவதாலேயே தீவனமும் இருப்பதாகக் கருதி, இக்கிராமங்களின் நிவாரணக் கோரிக்கையைத் தள்ளுவது நியாயமாகாது.