பழைய மாருதி 800 வாங்கப் போறீங்களா? கேபிளுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?

வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆன நிறைய பேருக்கு இப்போ ஒரே ஆசை. பழைய மாருதி 800 ஒண்ணை வாங்கி, பளபளன்னு பெயின்ட் அடிச்சு, சனி ஞாயிறுல ஜவ்வாது மலை ஏறணும். ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில உற்பத்தி நின்ன வண்டி. எத்தனையோ வீடுகளுக்கு முதல் கார். ஆனா நீங்க போடுற பட்ஜெட்தான் எனக்குப் பிடிக்கலை. பெயின்ட், சீட் கவர், அலாய் வீல், மியூசிக் சிஸ்டம்னு எல்லாத்துக்கும் காசு இருக்கு. கேபிளுக்கு ஒரு வரி கூட இல்லை.

இந்த வண்டியில கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், ஹேண்ட்பிரேக் மூணுமே ஒரு உறைக்குள்ள ஓடுற முறுக்குக் கம்பியை நம்பித்தான் இருக்கு. கார்புரேட்டர் மாடல்னா சோக்கும் அப்படித்தான். உறைக்குள்ள தூசியும் ஈரமும் போனா கம்பி துருப்பிடிக்கும், முனையிலயும் வளைவுலயும் இழை இழையா அறும். கிளட்ச் கனமாகுறது முதல் அறிகுறி. நாமதான் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடுறோம்.

போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறும்போது வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிச்சு கியர் குறைக்கணும். அங்க கம்பி அறுந்தா நம்மள மாதிரி ஆளுங்களால கியரே மாத்த முடியாது. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கிக்கிச்சுன்னா இன்னும் மோசம்: காலை எடுத்தாலும் இன்ஜின் வேகம் குறையாது. அதுக்கு ரூபாய்ல கணக்குப் போட முடியாது.

ரூபாய்ல போடக்கூடிய கணக்கு இது. கேபிள் விலை சில நூறு ரூபாய். மலையிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்துட்டு வர ஆயிரக்கணக்கில் ஆகும். "இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் வழக்கமான மோட்டார் பாலிசியில விலக்குதான். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் தனி ஆட்-ஆன். எத்தனை வயசு வண்டி வரைக்கும் தருவாங்கன்னு பிரீமியம் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கிற செலவு வேற இருக்கு.

எண்ணெய் விடுற வேலையை வீட்லயே செய்யலாம். கேபிளோட மேல்முனையைக் கழட்டுங்க. பாலிதீன் கவர் மூலையில சின்னதா வெட்டி, உறையைச் சுத்தி இறுக்கிக் கட்டுனா அதுதான் புனல். தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிசா இருக்கிறதை ஊத்தி, கம்பியை மேலயும் கீழயும் அசைங்க. கீழ்முனையில முதல்ல கறுப்பா வரும். தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க. கெட்டி கிரீஸை உள்ள திணிக்காதீங்க, தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். உள்ள பிளாஸ்டிக் லைனிங் இருக்கிற கேபிள்னா பொதுவா எண்ணெயே வேண்டாம், அதனால வாங்கும்போதே கடையில கேட்டுக்கோங்க. ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் எண்ணெய் விட்டு சமாளிக்க வேண்டாம், மாத்திடுங்க.

"விண்டேஜ் கார் நல்ல முதலீடு"ன்னு சொல்றவங்களை நான் நம்புறதில்லை. லட்சக்கணக்கில் தயாரான வண்டி இது. அபூர்வமான பொருள் இல்லை. இது செலவு, சந்தோஷத்துக்குப் பண்ற செலவு. அப்படி ஒத்துக்கிட்டா மாசம் 1,000 ரூபாயை ஆர்.டி.யில போட்டு வைக்க மனசு வரும்.

அதே மலையில காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கு. அங்க 1972-ல நிறுவின 1 மீட்டர் தொலைநோக்கி, 1977-ல யுரேனஸோட வளையங்களைக் கண்டுபிடிச்சதுல பங்கு வகிச்சது. அதுக்கும் கண்ணாடியில அலுமினியப் பூச்சு மங்கும், கழட்டி மறுபடி பூசணும். அந்தச் செலவை யாரும் எதிர்பாராத செலவுன்னு சொல்றதில்லை.

கிளட்ச் கேபிள் வாங்கும்போது ரெண்டா வாங்குங்க. ஒண்ணு வண்டியில, இன்னொண்ணு டிக்கியில, ஒரு ஸ்பேனர் செட்டோட. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஜமுனாமரத்தூர்ல மாருதி 800 பார்ட்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை.