ஸ்போக்கன் இங்லிஷ் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு

வெள்ளவத்தைச் சந்தையில் இருந்து சவோய் வரைக்கும் காலி வீதியில் நடந்தால் ‘ஸ்போக்கன் இங்லிஷ்’ போர்ட்டைக் காணாமல் போக முடியாது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கமும் அதே கதைதான். எழுத்துக்கு, அதுவும் கொமா, ஃபுல்ஸ்டொப்புக்கு, ஒருவர் போர்ட் போட்டதை நான் இன்னும் காணவில்லை.

“பேசினாப் போதும் டீச்சர், கொமாவ யார் பார்க்கிறாங்க?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்கிறார். உங்கள் பிள்ளையின் குரலைக் கேட்பதற்கு முன்னால் அவர் கையில் கிடைப்பது கடிதம்தான். அதில் ஐந்து வரிக்கு ஒரே வசனம், இடையில் கொமா கொமாவாக, முடிவில் வட்ஸ்அப் மாதிரி நாலு புள்ளி. இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார். நீங்கள் காசு கட்டிய ஸ்போக்கன் இங்லிஷ் வீட்டிலேயே இருக்கும்.

சிங்களத்தில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள். வாள். அந்த வாளின் கூர்மையான பக்கம் உச்சரிப்பு. அது வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குச் சும்மா வரும், நம் பிள்ளைக்கு எவ்வளவு செலவழித்தாலும் பாதிதான் வரும். நிறுத்தக்குறி அப்படியில்லை. விதிகள் கொஞ்சம்தான், வாப்பா என்ன தொழில் செய்கிறார் என்று அவை கேட்பதில்லை. ‘இட்ஸ்’ என்பதில் மேற்கொமா போட்டால் ‘இட் இஸ்’, போடாவிட்டால் ‘அதனுடைய’. இதைப் படிக்க எத்தனை நாள் வேண்டும்? ஏழைப் பிள்ளை பணக்காரப் பிள்ளையோடு சரிசமமாக நிற்கக்கூடிய ஒரே இடத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் என் கோபம்.

சின்ன விஷயம் என்கிறவர்கள் இதையும் கேளுங்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் கம்பனியின் லொறி டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்த வேலைகளுக்கு ஓவர்டைம் இல்லை என்று அடுக்கிய சட்ட வரியில், கடைசி ‘ஓர்’ என்ற சொல்லுக்கு முன்னால் கொமா இல்லை. அதனால் விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்குப் பொதி கட்டுவது மட்டும்தானா என்று தெளிவில்லாமல் போனது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. 2018இல் கம்பனி 50 இலட்சம் டொலருக்குச் சமரசம் பேசியது.

நமக்கு இது புதிதும் இல்லை. மதரசாவில் ஏழு வயதுப் பிள்ளை வக்ஃப் குறி பார்த்து ஓதுகிறது. மீம் இருந்தால் கட்டாயம் நிற்க வேண்டும், லாம் அலிஃப் இருந்தால் நிற்கக் கூடாது. சூரா பகராவின் இரண்டாம் வசனத்தில் முப்புள்ளி இரண்டு இடத்தில் வரும், ஒன்றில் நின்றால் மற்றதில் நிற்கக் கூடாது. பிழையாக நின்றால் பொருள் மாறும் என்று அந்த வயதிலேயே தெரிந்த பிள்ளைக்கு, இங்லிஷ் கொமா மட்டும் விளங்காதாமா? சொல்லிக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பிழையாக எழுதுகிறவர்களை ஸ்க்ரீன்ஷொட் எடுத்துச் சிரிக்கும் கூட்டத்துக்கும் ஒன்று. சிரிக்கும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மேற்கொமாவைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இந்த மாதம் டியூஷன் காசு கட்டப் போகும்போது பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். பிள்ளை சொந்தமாக எழுதிய ஒரு பக்கமாவது இருக்கிறதா? அதில் சிவப்புப் பேனை பட்டிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், எதற்குக் காசு வாங்குகிறீர்கள் என்று அங்கேயே கேளுங்கள்.