நூறு பவுணுக்கு அமெரிக்கா

பெருநாள் காலத்தில் கடைத்தெருவில் கிடைக்கும் துண்டுப்பிரசுரங்களைச் சேர்த்து வைப்பது எனது பழக்கம். ஐயாயிரம் ரூபாவுக்குத் துணி எடுத்தால் பிளாஸ்டிக் வாளி, பத்தாயிரத்துக்கு எடுத்தால் சீட்டிழுப்பில் மோட்டார் சைக்கிள் என்று விதவிதமாக இருக்கும். 'இலவசம்' என்ற சொல் உள்ளங்கை அகலம். நிபந்தனைகளோ எறும்பு அளவு. வேடிக்கை என்னவென்றால், அந்த எறும்பு எழுத்தை நம்பித்தான் பல முதலாளிமார் விளம்பரமே செய்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்டு வரமாட்டார் என்ற நம்பிக்கையில் பரிசு அறிவிப்பது வியாபாரமாகாது என்பது என் கட்சி.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஹூவர். பிரித்தானியாவில் வக்யூம் கிளீனருக்கே 'ஹூவர்' என்றுதான் பெயர். அவ்வளவு பழைய கம்பனி. தேங்கிக் கிடந்த சரக்கை விற்பதற்காக 1992இல் ஒரு திட்டம் போட்டார்கள். நூறு பவுணுக்குப் பொருள் வாங்கினால் ஐரோப்பாவுக்குப் போய்வர இரண்டு விமான டிக்கெட் இலவசம். விற்பனை ஏறியதும் ஆசையும் ஏறி, அதே நூறு பவுணுக்கு அமெரிக்கா என்றார்கள். டிக்கெட்டின் பெறுமதி பொருளின் விலையைவிடப் பல மடங்கு!

கம்பனியின் கணக்கு இதுதான்: படிவத்துக்கு மேல் படிவம் நிரப்பச் சொல்வோம், கேட்ட திகதியை மறுத்து வேறு திகதி கொடுப்போம், பாதிப்பேர் களைத்து விட்டுவிடுவார்கள். சனங்கள் களைக்கவில்லை. இயந்திரம் தேவைப்படாதவர்களும் டிக்கெட்டுக்காகவே வாங்கினார்கள். பெட்டி பிரிக்காத கிளீனர்கள் பத்திரிகைகளின் சிறு விளம்பரங்களில் விற்பனைக்கு வந்தன. டிக்கெட் கிடைக்காத ஒருவர், சலவை இயந்திரம் சம்பந்தமாக வீட்டுக்கு வந்த கம்பனி வாகனத்தையே வெளியே போகவிடாமல் மறித்து வைத்துக்கொண்டார். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் பறந்தார்கள். கிடைக்காதவர்கள் தொடுத்த வழக்குகள் 1998 வரை இழுபட்டன. நட்டம் ஏறத்தாழ 5 கோடிப் பவுண். மேலதிகாரிகள் மூவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1995இல் ஹூவரின் ஐரோப்பிய வியாபாரமே இத்தாலியக் கம்பனி ஒன்றுக்குக் கைமாறியது.

அதே 1992இல் பிலிப்பைன்சில் பெப்சிக்கு நேர்ந்தது வேறு வகை. மூடிக்குள் 349 என்ற இலக்கம் இருந்தால் பத்து இலட்சம் பெசோ. இரண்டே பேருக்கு விழவேண்டிய இலக்கம் இலட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகிவிட்டது. ஆளுக்கு 500 பெசோ தருகிறோம் என்றது கம்பனி. லொறிகள் எரிந்தன, உயிர்களும் போயின. 2006இல் உயர் நீதிமன்றம் கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று தீர்த்தது. ஆனால் மூடியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஏழைக்கு அந்தத் தீர்ப்பு என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

நமது கடை சிறியது, ஐந்து கோடிப் பவுண் நட்டப்பட வழியில்லைதான். ஆனால் ஹூவருக்கு ஒரு நாடு முழுவதும் வாடிக்கையாளர்கள். நமக்கு நான்கு தெரு. வாளி முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும் பெண்மணி அன்று மாலைக்குள் எத்தனை வீட்டில் அதைச் சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். இருநூறு வாளிதான் இருக்கிறதென்றால் 'முதல் இருநூறு பேருக்கு' என்று அதே உள்ளங்கை எழுத்தில் போடலாமே. அச்சகத்தில் அதற்குத் தனிக்கட்டணம் வாங்குவதில்லை.